சரியா, தவறா?

கரும்பலகையில் காலையில் எழுதிய ‘சரியா, தவறா?’ இன்னும் அழிபடாமல் கிடக்கிறது. அடுத்த தெருத் தறிச் சத்தம் சன்னல் வழியே ஓயாமல் வருகிறது. ஜெயப்ரியா டீச்சருக்கு எதிரே, பீகாரிலிருந்து வந்த ரிங்கியின் அம்மா முக்காடிட்டு நிற்கிறாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து உயிர்விட்டது அவளுக்குத் தெரியாது. செங்கல் சூளையிலிருந்து அவளைக் கூட்டிவந்த மேஸ்திரி, “பாஷ தெரியாம தவிச்சிக்கினு இருக்கேன் மேடம், நீங்களே சொல்லிடுங்க” என்று டீச்சரின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு நழுவிவிட்டார். டீச்சருக்கும் அந்தப் பாஷை வராது. இரண்டும் தெரிந்தவள் அம்மாவின் பக்கத்தில் நிற்கும், ஆறாவது படிக்கும் ரிங்கி மட்டும்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, செத்துப்போனார் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“ரிங்கி... உங்க அப்பா தவறிட்டாருமா. அம்மாகிட்ட சொல்லு.”

ரிங்கி ஒருமுறை கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அம்மா பதறிப்போய், செம்மண் அப்பிய கைகளைக் கூப்பி, டீச்சரிடம் ஏதோ கெஞ்சுகிறாள்.

“மன்னிச்சிடுங்க மிஸ்” என்று ரிங்கி தலைகுனிகிறாள். “அப்பா இனிமே தவறே பண்ண மாட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்டிக்கிறாங்களாம்.”