மேற்குக் காற்று, சீரானது

ஆற்றில் காற்றின் விசையில் ஓடும், பாய் கட்டிய சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கொட்டகை வாசலில், அவள் கரும்பலகையில் இன்றைய நிலவரத்தை எழுதுகிறாள்: மேற்குக் காற்று, சீரானது, நல்ல வெயில். நேற்று மாலை சூறைக்காற்றில் சிக்கிய ஒருவனைத் தன் பலகையில் ஏற்றிவிட்டுக் கரைசேர்த்த பயிற்சியாளர், அவளுடைய கணவன், இன்னும் கரைசேரவில்லை. நடு ஆற்றில் தேடும் படகு மெல்ல வட்டமடிக்கிறது. மின்னும் பாயைத் தோளில் சாய்த்தபடி ஒரு வாடிக்கையாளர் மணி பார்க்கிறார்.

"அந்தப் படகு எப்ப சார் நகரும்? நல்ல காத்து வீணாப் போகுதே."

"பத்து நிமிஷம் சார்," என்கிறார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமலே. "மத்தியானக் காத்தையும் எழுதிடும்மா, ஆளுங்க கேப்பாங்க."

சாக்பீஸ் கிறீச்சிடுகிறது. வாடிக்கையாளர் கரும்பலகையைப் படம்பிடிக்க செல்போனை உயர்த்துகிறார்.

"கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் தள்ளிக்கோங்க, நிழல் விழுது."

அவள் தள்ளி நிற்கிறாள்.