மூன்றாம் வரிசையில் அப்பா

டமார் என்று ஒரு சத்தம். இரண்டு காதும் ஒரேயடியாக அடைத்துக்கொண்டன. விமானத்துக்குள் வெள்ளையாகப் பனிமூட்டம் கவிந்தது.

தலைக்கு மேலே மூடிகள் படபடவென்று திறந்து, மஞ்சள் ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்கின.

நான் விமானப் பணிப்பெண். பதினொரு வருஷ சர்வீஸ். இப்படி நடுவானில் உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கையில் இருந்த காப்பி பிளாஸ்க்கைத் தரையில் போட்டேன். முன்பக்கம் இருக்கும் என் மடக்கு இருக்கையில் உட்கார்ந்தேன். முகமூடியை இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்திக்கொண்டேன். பெல்ட்டை மாட்டினேன்.

விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியது. கேப்டன் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நாங்களும்தான்.

என் இருக்கை பயணிகளைப் பார்த்தபடி இருக்கும். எதிரே, மூன்றாம் வரிசையில், நடைபாதை ஓரமாக அப்பா.

அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊழியர் குடும்பத்துக்குக் கம்பெனி தரும் இலவசச் சீட்டில் நான்தான் வம்படியாக இழுத்து வந்தேன். "டிக்கெட் எடுக்காத ஆளைப் பாதி வழியில இறக்கி விட்டவன் நான், இப்ப நானே ஓசியில ஏர்றேன் பாரு" என்று காலையில் படியேறும்போது ஒரே சிரிப்பு.

இப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முகமூடி அவர் கையில்தான் இருந்தது. இரண்டு விரலால் நாசூக்காகப் பிடித்து முகத்துக்கு முன்னால் வைத்திருந்தார். மூக்கில் படவில்லை. ஓர் அங்குலம் தள்ளியே நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு எதில்தான் விளையாடுவது என்று கிடையாதா? போடுங்கப்பா என்று கத்தினேன். முகமூடிக்குள் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை.

அவர் தலையாட்டினார். புரிந்துவிட்டதாம். முகமூடியை அதே தூரத்தில் பிடித்தபடி உடம்பை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். பிறகு இடப்பக்கம்.

ஐயோ.

அது நான். காலையில் கதவு சாத்தியதும் நடைபாதையில் நின்று நான் செய்துகாட்டியதை அப்பா அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். செய்துகாட்டும் முகமூடி பத்துப் பேர் கை மாறி வருவது. யார் எச்சில் பட்டதோ என்று நாங்கள் யாரும் அதை முகத்தில் படவிடுவதில்லை. நிஜ முகமூடியில் குழாயை வெடுக்கென்று இழுத்தால்தான் ஆக்ஸிஜன் வரும்; அதை இழுத்துக் காட்டுவதும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் காட்டிவிட்டுச் சுருட்டிப் பையில் போட்டுவிடுவோம். அறிவிப்பில் என்னவோ எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதை யார் கேட்கிறார்கள்? அப்பா தன் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண்கொட்டாமல்.

அந்த உயரத்தில் முகமூடி இல்லாமல் அரை நிமிஷம் தாங்கும். மிஞ்சினால் முக்கால். அதற்குப் பிறகு நினைவு தப்பும். வயசானவர்களுக்கு அதோடு நிற்காது. இதுவும் எனக்கு மனப்பாடம்.

ஐந்தாறு எட்டு வைத்தால் அவர் முன்னால் நிற்கலாம்.

அவர் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நீங்கள் விழுந்தால் பின்னால் இருக்கும் நூற்றைம்பது பேருக்கு ஆள் கிடையாது என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள். அதை நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது நான் எதையுமே நினைக்கவில்லை. பயம் இல்லை, அழுகை வரவில்லை. யாரோ ஒரு பயணிக்கு என்னவோ ஆகிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அப்பாவின் விரல்கள் தளர்ந்தன. முகமூடி நழுவி ஊசலாடியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பக்கத்துச் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். புறப்பட்டதிலிருந்து செல்போனை விட்டுத் தலை நிமிராதவள். அவள்தான் எட்டி அந்த முகமூடியைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்து, அவர் முகத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். விமானம் தாழ இறங்கி நேராகும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை.

கேப்டனின் குரல் வந்த பிறகுதான் நான் எழுந்தேன். போய் அப்பா முன்னால் மண்டியிட்டேன். கண் திறந்திருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"எம் பொண்ணும்மா இவ. கண்ணு இருட்டுறதுக்கு முன்னாடி பாத்தேன், இவ கை பெல்ட்டுக்குப் போச்சு. எங்க கழட்டிப் போட்டுட்டு எனக்காக ஓடி வந்துடுவாளோன்னு உசுரே போயிடுச்சு எனக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன்.

கை போனது உண்மைதான். பெல்ட் கொஞ்சம் தளர்வாக இருந்தது. இழுத்து இறுக்கிக்கொண்டேன்.