தும்பிக்கை

என் கொழுந்தனார் திருமூர்த்தி வந்ததும் வராததுமாக மேசை மேலிருந்த பெட்டியைத்தான் பார்த்தார்.

"என்ன கண்ணு, அப்பனாட்ட நீயும் தும்பிக்கை மாட்டப் போறயா?" என்று என் மகன் மிதுனைக் கேட்டுச் சிரித்தார். "பொண்ணு பாக்கற நேரத்துல இது வெளிய தெரிஞ்சா எவன் ஊட்டுல பொண்ணு குடுப்பான்?"

மிதுன் தலையைக் குனிந்துகொண்டான். தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க டாக்டர் அவனுக்கும் எழுதிக்கொடுத்த மெசின் அதில் இருந்தது. வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியை அவன் பிரிக்கவே இல்லை.

என் கணவரின் தம்பிக்குத் தெரிந்தது அந்த ஒரு கேலிதான். தன் அண்ணனிடமும் அதையேதான் சொன்னார்.

என் கணவருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை சரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். குறட்டை சட்டென்று நிற்கும். மூச்சும் நிற்கும். பிறகு திணறிக்கொண்டு திரும்பும். கழுத்துப் பருமன் ஒரு காரணம், பரம்பரை உடல்வாகு இன்னொரு காரணம் என்றார் டாக்டர்.

மெசின் வந்த பிறகு, முகமூடி வழியாக அது தள்ளிய காற்று அடைப்பு விழாமல் பார்த்துக்கொண்டது. காலையில் கன்னத்தில் வார் பதிந்த தடத்தோடு எழுவார். முகம் மட்டும் தெளிந்திருக்கும். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவதும் நின்றது.

பிறகு ஆனைமலையில் ஒரு கல்யாணம்.

முந்தைய நாளே போய், சொந்தபந்தம் எல்லாம் மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது எங்கள் வழக்கம். சம்பந்தி வீட்டார் முன்னால் தும்பிக்கை எதற்கு என்று, மெசினைக் காரில் வைத்துப் பூட்டியவர் திருமூர்த்தி. சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விடிந்து, நாதசுரம் வாசித்தும் என் கணவர் எழவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது முதல் வருடத் திதிக்கு, சிங்காநல்லூரிலிருந்து படுக்கையை விட்டெழுந்த முகத்தோடு கணபதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணனுக்கு என்னங்க நங்கை, தூக்கத்துலயே போயிட்டாரு. அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கோணுங்க."

வருடம் முழுக்க இதையே ஊரெல்லாம் சொல்லி ஒரு சாவை வரமாக்கிவிட்டார். பதில் சொல்லும் அளவுக்கு அவரை நான் மதித்ததில்லை.

காப்பியைக் கொடுக்கக் குனிந்தபோது அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.

மிதுனைக் கூப்பிட்டு விளக்கைப் போடச் சொன்னேன்.

"மொகங் கழுவீட்டு வாங்க, கொழுந்தனாரே. வார் தடம் இன்னும் போகலைங்க."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

மிதுன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மேசைப் பக்கம் போய், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தான்.