நடுங்கும் கையை நம்பு

"நாப்பது வருஷத்துக்கு முந்தின புத்தகத்தைப் படிச்சிட்டு இன்னும் போக்கர் ஆடுறீங்களே பெருசு! இப்பல்லாம் கம்ப்யூட்டர்தான் கணக்குச் சொல்லுது," என்று சிரித்தான் கோடி என்ற இளைஞன்.

"போடா! பொய்யா பந்தயம் கட்டுறவன் விறைச்சு உக்காருவான். நல்ல சீட்டு வந்தவனுக்குத்தான் கை நடுங்கும். அது என்னைக்கும் மாறாது," என்றார் மெர்ல்.

ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதியில் வியாழக்கிழமை மதிய ஆட்டம். மெர்லுடைய பால்ய நண்பர் லீலண்ட் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, தன் பந்தயச் சில்லுகளை மொத்தமாக நடுவில் தள்ளினார். விரல்கள் வெடவெடத்தன. இரண்டு சில்லுகள் சரிந்து உருண்டன.

"பாத்தியா?" என்று மெர்ல் சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டார்.

கோடியும் முனகிக்கொண்டே கவிழ்த்தான். "பழைய புத்தகம் பொழைச்சுக்கிச்சு!"

லீலண்டிடம் இருந்தது ஒன்றுக்கும் உதவாத சீட்டு. நண்பனின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"ஜெயிச்சவன் ஒரு காபியாவது குடிடா," என்றார் மெர்ல்.

"வேண்டாம்பா." கை மறுபடி பைக்குள் போய்விட்டது.

வீட்டில் லீலண்டின் மனைவி நோரீன் அழுது சிவந்த கண்களோடு காத்திருந்தாள்.

"டாக்டர்கிட்ட பேசினேன். மத்த நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கீங்க. வியாழக்கிழமை ஆனா கை இப்படி ஆடுது. நடுக்கம் மாத்திரைக்குக் கேக்கலன்னா மூளையில ஆபரேஷன்தானாம். நான் எங்கே என்ன குறை வச்சேன்னே தெரியலங்க..."

காலையில் விழுங்குவதுபோல் பாவனை காட்டி ஒளித்த மாத்திரை, கோட்டுப் பைக்குள் லீலண்டின் விரல்களுக்கிடையே நடுங்கிக்கொண்டிருந்தது.