காலைப் பெரட்டு

சிம்பாங் பூலாயில் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது கையுறைத் தொழிற்சாலை நிற்கிறது. ஆள் கணக்கெடுப்பை மட்டும் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்கிறோம். அன்று தோட்டக் கணக்கரான கிராணி பெயரைக் கூப்பிட்டால் "வந்தேங்க ஐயா" என்பார்கள். இன்று இயந்திரத்துக்கு முகம் காட்டுகிறோம். கழிவறைக்குப் போகவும் முகம் காட்ட வேண்டும் என்று போன வாரம் உத்தரவு வந்தது.

அதனால் இன்று முப்பத்திரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டோம். ஒருவரும் உள்ளே போகவில்லை. எனக்குச் சிலர்மேல் சந்தேகம் இருந்ததால் இரண்டு முறை எண்ணினேன்.

எட்டு மணிக்குக் காவலாளி அப்பாவு கேட்டைப் பூட்டினார்.

"யாரு நீங்க? எல்லாரும் ஏழுக்கே உள்ள போயிட்டாங்களே."

"அண்ணே, நான் தினேஸ்வரி. தெனமும் பாக்குறீங்கதானே?"

அவர் கைப்பேசியில் பதிவைக் காட்டினார். முப்பத்திரண்டு முகங்கள். என் படத்தில், இன்று அவசரத்தில் நான் மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான்கூட அப்படியே இருந்தது.

"தினேஸ்வரி உள்ள வேல செய்யுதும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் என் பெயரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"வந்தேங்க ஐயா" என்றது உள்ளே ஒரு குரல். என் குரலேதான். அந்தப் பணிவுதான் என்னுடையது இல்லை.