ஸ்வெட்டர் பையில் ஏழு விதைகள்

மண்சரிவில் போன என் கணவரின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் பையில் ஏழு விதைகள் இருந்தன. மலையில் இருவாச்சிப் பறவைகள் தின்று கழித்த விதைகளை மரத்தடியில் பொறுக்கி, நாற்றங்காலில் முளைக்கவைப்பது அவர் வேலை. எந்த விதையைக் காட்டினாலும் மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். இவை பழுப்பாக, மேலே பூனைமயிரோடு இருந்தன. என்ன மரமென்று கேட்க இனி ஆளில்லை. கடற்கரையில் தம்பி வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் ஊன்றி, உப்புக்காற்று படாமல் சுற்றிலும் சாக்கு கட்டினேன்.

“மலைமரத்துக்கு இந்த வெக்கை தாங்குமா மைனி? ஃபிரிட்ஜுக்குள்ள தூக்கி வையிங்க” என்று சிரித்தாள் தம்பி மனைவி ஜெனிட்டா.

ஆறு விதைகள் அழுகிப்போயின. இருபதாம் நாள் ஒன்று முளைத்தது. இலை நடுவில் பிளந்து ஆட்டுக்குளம்புபோல விரிந்தது. ஜெனிட்டா குனிந்து பார்த்தாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

“இது நம்ம அடும்புக் கொடில்லா, மைனி.”

வாசலைத் தாண்டினால் மணலெங்கும் படர்ந்து கிடக்கும் கொடி. சின்ன வயதில் அதன் பூவைப் பறித்து விளையாடியிருக்கிறேன், விதையைக் கவனித்ததில்லை. அவர் இந்தக் கரைக்கு வந்தது ஒரே முறை, என்னைப் பெண் பார்க்க; கல்யாணம்கூட மலையில்தான். பிறகு வந்த பதினோரு வருடங்களில் அவருக்கு மூன்று ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன். இது மூன்றாவது. துவைக்கப் போடுமுன் பைகளை அவரே காலி செய்துதான் கொடுப்பார்; காய்ந்து வந்ததும் எடுத்ததைத் திரும்பப் போட்டுக்கொள்வார்.

சாக்கை அவிழ்த்துக் காற்றை உள்ளே விட்டேன்.