அடியில் ஓர் எக்ஸ்

எக்ஸ் என்ற எழுத்துக்கு இங்கிலாந்தில் வேலை அதிகம். விடைத்தாளில் அது தப்பு, வாக்குச்சீட்டில் சம்மதம், கடிதத்தின் அடியில் முத்தம். லீட்ஸ் அலுவலகத்தில் அன்றுதான் சேர்ந்த டெப்ரா, பக்கத்து மேசை மோரீன் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்துப் பதறினாள்.

“அந்தச் சிடுமூஞ்சிக்கா முத்தம் போட்டீங்க?”

“கைப்பழக்கம், கண்ணு. அனுப்பியாச்சு.”

“உங்க வேலை போச்சு போங்க!”

மேலாளர் கிளைவ் விறுவிறுவென்று வந்தார். டெப்ரா துள்ளி எழுந்தாள்.

“அவங்க மேல தப்பில்ல! என் கைதான் பட்டிருச்சு!”

கிளைவ் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

“ஏன் மோரீன், குழாய் ரிப்பேர்காரனுக்கு மூணு போடுற. எனக்கு ஒண்ணுதானா?”

மோரீன் தலை நிமிரவில்லை.

“ஈரத்துண்டைக் கட்டில்ல போடுற புருஷனுக்கு ஒண்ணே அதிகம்.”